ஸ்நோவுக்கு முன் எடுக்கவேண்டிய கார்

நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. கனடாவில், யூனியன்வில்லில் ஒரு வீட்டின் கராஜ் கதவு திறந்தது. உள்ளே ஒரு கார் இருந்தது. காரின் மேலே அந்த வீட்டின் மிச்சச் சாமான் எல்லாம் இருந்தது.
2. கார்க்காரர் அதைப் பழையபடி ஆக்கலாமா என்று கேட்டார். அவருடைய மனைவி அதை எப்போது கொண்டுபோவீர்கள் என்று கேட்டார்.
3. என் முதலாளி இருவருக்கும் ஒரே பதிலைச் சொன்னார்: "செய்யலாம்."
4. திட்டம் எழுதும் வேலை எனக்கு வந்தது.
5. நான் திட்டத்தை வாசிப்பதற்கு முன்னரே எஞ்சின் வேலை செய்தது. அது என் திட்டத்தில் இருக்கவில்லை.
6. கடலை பறந்தது.

ஆறாவதை விளங்கப்படுத்தத்தான் மிச்சம் எல்லாவற்றையும் எழுதவேண்டியிருக்கிறது.

எனக்கு முப்பத்தாறு வயது, ஓய்வு பெற்றுவிட்டேன். இப்படிச் சொன்னால் கலியாண வீடுகளில் லொத்தர்ச் சீட்டு விழுந்ததோ என்று கேட்கிறார்கள். இல்லை. பிறம்ரனில் பழைய கார்களைப் புதுப்பிக்கும் ஒரு பட்டறையில் திட்டமிடுபவளாக இருந்தேன். கார் பெயின்ற்றை இறுக வைப்பதற்குக் கலக்கும் திரவம் என் மூச்சுக்கு ஒத்துவரவில்லை. கடைசியில் பட்டறைக் கதவைத் திறந்தாலே நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கியது. டொக்டர் ஒரே வசனத்தில் என் தொழிலை முடித்துவைத்தார்.

போன மாதம், என் பழைய மேசையில் இப்போது இருக்கும் அகிலா ஒரு திட்டத்தை எனக்கு அனுப்பினாள். அவள் எழுதியதல்ல. காரைச் சுற்றி நடந்து போனில் படம் எடுத்தால் போதுமாம். தேத்தண்ணி ஆறுவதற்குள் ஒரு செயலி முழுத் திட்டத்தையும் எழுதித் தருகிறது. "அக்கா, இது அக்சுவலி நல்லா இருக்கு, ரைட்? ஒருக்காப் பாருங்கோ" என்று கேட்டிருந்தாள்.

பார்த்தேன். நல்ல திட்டம்தான். என்னுடையவற்றைவிடச் சுத்தமானது. ஆனால் அதன் முதல் வரி "காரைக் கழற்றுதல்" என்று இருந்தது. என் திட்டங்களின் முதல் வரி எப்போதும் ஒரு கேள்வி: இந்த வீட்டில் இந்தக் கார் வேண்டாம் என்று நினைப்பவர் யார்? அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது, அதற்குக் கீழே இரண்டாவது கேள்வி ஒன்று ஏன் வந்தது என்பதை அகிலாவுக்கு எழுதத் தொடங்கினேன். நீண்டுவிட்டது.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொலிச்சில் இயந்திரத் தொழில்நுட்பம் படித்தேன். அம்மா சொந்தக்காரரிடம் முதலில் "எஞ்சினியரிங்" என்றார். வேலை கிடைத்ததும் "கார்க் கொம்பனி" என்றார். நான் தலைமயிரில் துருவோடு வீட்டுக்கு வந்ததைக் கண்ட பிறகு ஒன்றும் சொல்லாமல் விட்டார். முதல் வருடம் பட்டறைக்கு வந்த வாடிக்கையாளர்கள் என்னிடம் கோப்பி கேட்டார்கள். அடுத்த வருடம் அவர்களுடைய வீடுகளுக்குப் போய் நாங்கள் தண்ணீர் கேட்டோம். அது பீற்றர் அண்ணையின் முறை.

பீற்றர் அண்ணை பட்டறையின் முதலாளி. மன்னார்க்காரர். துருவும் எண்ணெயும் பறக்கும் இடத்தில் ஒவ்வொரு நாளும் வெள்ளைச் சட்டை போட்டு வருவார். பின்னேரமும் அது வெள்ளையாகவே இருக்கும். காரணம் எளிது: கைகள் எப்போதும் காற்சட்டைப் பைக்குள். ஒரு காரை முதல் தடவை பார்க்கப் போனால் அதில் கைபடக்கூடாது என்பது அவருடைய சட்டம். நாங்கள் காரைத் தட்டினால் சொந்தக்காரரின் முகம் வாடும், பிறகு அவர் எங்களுக்கு உண்மை சொல்லமாட்டார் என்பார்.

காரைத் தொடமாட்டார், ஆனால் தண்ணீர் கேட்பார். தமிழ் வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டால் யாராவது ஒருவர் கொண்டுவந்தே ஆகவேண்டும். கொண்டுவருபவர் யார், என்ன முகத்தோடு தருகிறார், தரும்போது காரைப் பார்க்கிறாரா இல்லையா என்று கவனிப்பார். மிசிசாகாவில் ஒருவர் தன் காரைப் பற்றி அரை நாள் கதைத்தார். தண்ணீர் கொண்டுவந்தது அவருடைய அண்ணன். அண்ணன் காரைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தார். பீற்றர் அண்ணை தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, கார் யாருடைய பெயரில் பதிந்திருக்கிறது என்று கேட்டார். அண்ணனின் பெயரில். அன்று நான் எழுதிய திட்டம் ஒரே வரி: அண்ணனும் தம்பியும் முதலில் கதைக்கவும்.

பீற்றர் அண்ணையால் செய்ய முடியாத ஒன்று, முடியாது என்று சொல்வது. எல்லாவற்றுக்கும் "செய்யலாம்" என்பார். அதில் மூன்று வகை இருந்தது. சட்டென்று சொன்னால் உண்மையிலேயே செய்யலாம். முதலில் மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னால் செய்யலாம், ஆனால் செய்துமுடித்தபின் வாடிக்கையாளர் எங்களோடு கதைக்கமாட்டார். கூரையைப் பார்த்துச் சொன்னால் செய்ய முடியாது. அந்தச் செய்தியைச் சொல்லவேண்டியது நான்.

யூனியன்வில்லில் அவர் முதலாவது நாளே கூரையைப் பார்த்தார்.

கார்க்காரர் ஆனந்தன் அங்கிள், விமான நிலையத்தில் பயணப் பெட்டிகள் ஏற்றி இறக்கும் பகுதியில் வேலைசெய்து ஓய்வு பெற்றவர். கார், அறுபதுகளின் கடைசியில் செய்த மசில் கார்: சாதாரண இரண்டு கதவுக் காருக்குள் லொறிக்குப் போதுமான எட்டு சிலிண்டர் எஞ்சினை வைத்துவிட்டு, பிரேக்கைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம் என்று விற்ற காலத்துச் சாமான். கொம்பனிப் பெயரை எழுதமாட்டேன். அந்தக் கொம்பனியின் கார்க்காரரும் போட்டிக் கொம்பனியின் கார்க்காரரும் ஒருவரோடொருவர் கதைப்பதில்லை. எனக்கு இரண்டு பக்கமும் சிநேகிதர் உண்டு.

அங்கிள் தன்னோடு வேலைசெய்த ஒருவரிடம் அதை வாங்கி இருபது வருடத்துக்கு மேல். அன்று கராஜுக்குள் நின்றது, பிறகு வெளியே வரவில்லை. எஞ்சினுக்குப் பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் காபரேற்றரில் பிரச்சினை என்றார். நல்ல இழுவையோ என்று பீற்றர் அண்ணை கேட்டதற்கு, "அது ஒரு இழுவை" என்று சொல்லிவிட்டு அவரும் கூரையைப் பார்த்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தபடி நின்றார்கள்.

நான் காரின் மேலும் உள்ளும் இருந்தவற்றை எழுதினேன். பிள்ளைகளின் ஐஸ் சறுக்குச் சப்பாத்துகள், பிறந்தநாள் அலங்காரப் பெட்டிகள், பொங்கல் பானை, உடைந்த காற்றாடி, சாமத்தியச் சடங்கு அல்பங்கள் வந்த வெறும் பெட்டிகள். பின் சீற்றில், மலிவு விற்பனையில் வாங்கிய கொண்டைக்கடலைச் சாக்கு. என் குறிப்பில் அதற்கு நேரே "சாக்கில் ஓட்டை, கடலை குறைவு" என்று இருக்கிறது. குறைந்த கடலை எங்கே போயிருக்கும் என்று நான் யோசிக்கவில்லை.

பீற்றர் அண்ணை தண்ணீர் கேட்டார். கொண்டுவந்தவர் அங்கிளின் மனைவி மலர் அன்ரி. ஒரு கையில் எவர்சில்வர் தம்ளர். மற்றக் கையில், கார்க் கண்ணாடியில் உறைந்த ஐஸைச் சுரண்டும் சுரண்டி.

"குடியுங்கோ தம்பி" என்றார். "குடிச்சுப்போட்டு இதையும் ஒருக்காப் பாருங்கோ. விளிம்பு தேஞ்சு போச்சு. உந்தக் கார் உள்ளுக்குப் போர்வை போத்துக்கொண்டு கிடக்குது. ஓடுற கார் வெளியில. நான் விடியக்காலமை ரோட்டில நிண்டு சுரண்டிப்போட்டு வேலைக்குப் போறன்."

அன்ரி ஆஸ்பத்திரி ஒன்றின் சமையலறையில் காலை வேலை செய்பவர். குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் பீற்றர் அண்ணைக்கு எதையாவது சொல்லிச் சமாளிக்க வழி இருந்திருக்கும். இந்த முறை முதல் ஸ்நோ விழுவதற்குள் தன்னுடைய கார் உள்ளே நிற்கவேண்டும் என்றார். மசில் கார் பட்டறைக்குப் போகலாம், பழைய இரும்புக்குப் போகலாம். எது என்பதை எங்கள் அறிக்கை சொல்லட்டும், அதன்படி செய்யத் தானும் கணவரும் சம்மதம் என்றார். கணவர் அப்போதுதான் அதைக் கேள்விப்பட்டார் என்பது தெரிந்தது.

எங்கள் வான் வண்டியில் ஏறும்போது அங்கிள் என் பக்கம் வந்தார். "பிள்ளை, ஓடாது எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ" என்றார். பெட்டி தொலைந்த பயணிக்குப் பதில் சொல்லும் குரல் அது. பல வருடப் பழக்கமாக இருக்கலாம்.

இரண்டாம் முறை கருவிகளோடு போனோம். இந்தப் பகுதியை, அகிலா, கொஞ்சம் மெதுவாக வாசி.

முதலில் காந்தம். மெல்லிய துணியில் சுற்றி உடம்பு முழுவதும் நகர்த்தவேண்டும். பிடித்தால் இரும்பு, நழுவினால் யாரோ எப்போதோ பசையால் நிரப்பிய ஓட்டை. பிறகு கீழே படுத்து, பழைய ஸ்க்ரூ டிரைவர் ஒன்றால் காரைத் தாங்கும் இரும்புச் சட்டத்தைக் குத்திக்கொண்டு போகவேண்டும். நல்ல இரும்பைக் குத்தினால் சத்தம் கேட்கும். கெட்ட இரும்பு சத்தம் போடாது. கடைசியாக எஞ்சின். இவ்வளவு காலம் கிடந்த எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணவே கூடாது. பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, நீண்ட கம்பியால் கையாலேயே சுற்றிப் பார்க்கவேண்டும். உள்ளே ஒட்டிக்கொண்டிருப்பவை மெல்ல விடும். அவசரப்பட்டால் உடையும்.

எஞ்சினை மூடும் பொனற்றில் ஒரு புதிர் இருந்தது. காந்தம் எல்லா இடமும் பிடித்தது. நடுவில் மட்டும் மூன்று நீளக் கோடும் ஒரு வட்டமும் அரித்துப்போயிருந்தன. முன் பம்பரில் ஒரே இடத்தில் பள்ளம். அங்கிளிடம் கேட்டேன். வருடாவருடம் சரஸ்வதி பூசைக்குக் கராஜைத் திறந்து, பொனற்றில் திருநீறு குழைத்து மூன்று குறி இழுத்து, சந்தனப் பொட்டு வைத்து, பம்பரில் தேங்காய் உடைப்பாராம். தேங்காய்த் தண்ணீர் வழிந்தால் துடைக்கக்கூடாது என்று யாரோ சொன்னார்களாம். நான் எழுதினேன்: "பொனற், மூன்று கோடு, ஒரு பொட்டு, துரு. காரணம்: பக்தி." பீற்றர் அண்ணை எட்டிப் பார்த்துவிட்டு, காரணத்தை ஈரப்பதம் என்று மாற்றச் சொன்னார். மாற்றினேன்.

மலர் அன்ரி வீட்டுக்குள் போகும் படியில் தேத்தண்ணியோடு இருந்து எல்லாவற்றையும் பார்த்தார். என்ன எண்ணெய் விடுகிறேன், ஏன் கையால் சுற்றுகிறேன் என்று கேட்டார். எஞ்சின் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கி மிகப் பொறுமையாக விளங்கப்படுத்தினேன். தலையாட்டிக் கேட்டார். எஞ்சின் மெல்லச் சுற்றியபோது, "சுத்துது என்ன" என்று மட்டும் சொன்னார்.

பிறகு நான் பின்பக்கம் கீழே படுத்தேன். பின் சட்டத்தில் ஸ்க்ரூ டிரைவர் பிடிவரை போனது. சத்தம் வரவில்லை.

வெளியே வந்து அதைச் சொன்னேன். அங்கிள் கொஞ்சம் யோசித்தார்.

"அது பின்னுக்குத்தானே பிள்ளை" என்றார். "கார் போறது முன்னுக்கு."

எஞ்சின் தள்ளும் விசை முழுவதும் பின் சில்லுக்குத்தான் போகிறது, அந்தச் சட்டம்தான் அதைத் தாங்கவேண்டும் என்று சொன்னேன். அப்படியென்றால் அந்த ஒரு வரியை மட்டும் பிறகு எழுதலாமே என்று கேட்டார். எதற்குப் பிறகு என்று கேட்டேன். பீற்றர் அண்ணை "செய்யலாம்" என்றார், கூரையைப் பார்த்து.

திரும்பும் வழியில் எனக்கும் அவருக்கும் வாக்குவாதம். கணக்குப் பார்த்தால் இதே மொடலில் நல்ல உடம்புள்ள வேறு கார் ஒன்றை வாங்குவதே புத்தி. இதை இரும்புக்கு விடவேண்டும் என்பது என் முடிவு. "காலம் எடுக்கும்" என்று எழுதினால் போதாதா என்று அவர் கேட்டார். போதாது என்றேன். என்னை என் வீட்டில் இறக்கிவிடும்போது, "நீர் எழுதினதை நான் மாத்தமாட்டன்" என்றார். "நீர் வாசிக்கேக்க மட்டும் நான் வெளியில நிக்கிறன்."

திட்டத்தை வாசித்துக் காட்டப் போன நாள், பின்னேரம் ஸ்நோ விழும் என்று வானொலியில் சொன்ன நாள். காலையில் யூனியன்வில்லில் அவர்களுடைய தெருவுக்குள் திரும்பியபோது சத்தம் கேட்டது. எட்டு சிலிண்டரில் ஐந்து ஒத்துழைத்து, இரண்டு மறுத்து, ஒன்று என்ன செய்வது என்று தெரியாமல் இருக்கும் சத்தம். பீற்றர் அண்ணை வானை நிற்பாட்டி இறங்கினார். வண்டியை விட்டு இறங்கிய பிறகும் அவருடைய இரண்டு கைகளும் பைக்கு வெளியே இருந்ததை அன்றுதான் கண்டேன்.

கராஜ் கதவு மேலே போயிருந்தது. காரின் மேல் இருந்த பெட்டிகள் எல்லாம் புல்லில் வரிசையாக அடுக்கியிருந்தன. பொனற் திறந்திருந்தது. ஒரு முக்காலியில், மலர் அன்ரியின் சிறிய காரிலிருந்து கழற்றிய பற்றரி. காரின் பின்பக்கம், இடுப்பில் கட்டிய சாரத்துக்கு மேலே வின்ரர் ஜக்கெற் போட்டு, புகைக்குழாயை உற்றுப் பார்த்தபடி ஆனந்தன் அங்கிள். ஓட்டும் சீற்றில், அதன் இடுப்புப் பட்டியைப் போட்டு, மடியில் கடுகுச் சோஸ் வந்த மஸ்ரட் போத்திலோடு மலர் அன்ரி. யாரும் ஸ்ரார்ட் பண்ணக்கூடாது என்று நான் ஸ்ரியறிங்கில் ஒட்டியிருந்த தாளைக் கிழிக்காமல் உரித்து, பக்கத்துச் சீற்றில் ஒட்டியிருந்தார்.

நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் எஞ்சின் ஒரு முறை பின்னோக்கி வெடித்தது.

குறைந்த கடலை எங்கே போனது என்பது அப்போது தெரிந்தது. எலிகள் அவ்வளவு காலமும் அதைப் புகைக்குழாய்க்குள் சேமித்து வைத்திருந்தன. அது முழுவதும் ஒரே தடவையில் வெளியே வந்தது. அங்கிளின் ஜக்கெற்றில் பட்டது, எங்கள் வானின் கண்ணாடியில் பட்டது, தெருவின் மறுபக்கம் நாயோடு போன மனிதரின் காலடியில் கொட்டுண்டது. நாய் சாப்பிடத் தொடங்கியது. கடலை வறுபட்டிருந்தது என்று அந்தத் தெருவில் இப்போதும் சொல்கிறார்களாம். அது பொய். அவ்வளவு குறுகிய நேரத்தில் வறுபடாது. சூடாக இருந்தது, அவ்வளவுதான்.

எஞ்சினுக்குள் 'டக்' என்று ஒன்று கேட்டது. நின்றுவிட்டது.

நான் தீயணைக்கும் சிலிண்டரோடு ஓடிப்போய்ப் பற்றரி வயரைக் கழற்றினேன். நெருப்பு ஒன்றும் இல்லை. பிறகு, என் தாளை வாசிக்கவில்லையா என்று அங்கிளைக் கேட்டேன்.

"நானில்லைப் பிள்ளை" என்றார், தோளில் கடலையோடு. "நான் புகை பாக்கிறன்."

அன்ரி இடுப்புப் பட்டியைக் கழற்றாமலே விளங்கப்படுத்தினார். பின் சட்டம், பின் சட்டம் என்று அங்கிள் நித்திரையில்லாமல் புரண்டாராம். நான் இரும்புக்கு என்று எழுதுவேன், இவர் ஓம் என்று சொல்லிவிட்டு யோசிக்கத் தொடங்குவார், இன்னொரு வின்ரர் போய்விடும். ஆகவே அன்ரி காரைத் தானே ஓட்டி வெளியே விடத் தீர்மானித்தாராம். புல் வெட்டும் மெஷினின் பெற்றோலை மஸ்ரட் போத்திலில் விட்டு, காபரேற்றருக்குள் கொஞ்சம் பீச்சி, நெருப்புப் பொறி வரும் பொயின்ற்றை நகம் தேய்க்கும் அரத்தால் தேய்த்திருக்கிறார். எல்லாம் சரியான வேலை. செய்யக்கூடாத நேரத்தில் செய்த சரியான வேலை.

"உங்களுக்கு இது எங்க பழக்கம் அன்ரி?" என்று கேட்டேன்.

"என்னைப் பெத்த ஐயா வாடகைக்கு ஓடுற ஹயரிங் கார் வச்சிருந்தவர். ஊரில சண்டை நேரம், பெற்றோல் வராத காலத்தில நாலு துளி பெற்றோலில ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில ஓடுறது. ஐயாவுக்குக் கண் மங்கினாப்பிறகு கலியாண வீட்டு ஓட்டமெல்லாம் நான்தான். அப்ப சேலைன் போத்தில். இஞ்சை மஸ்ரட் போத்தில்."

எஞ்சின் என்றால் என்ன என்று நான் படிப்படியாக விளங்கப்படுத்தியவர் இவர்தான். அகிலா, வாடிக்கையாளர்கள் உன்னிடம் கோப்பி கேட்கும்போது இதையும் நினைத்துக்கொள்.

அன்ரி கியர்த் தடியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பிறகு கராஜுக்கு வெளியே நின்ற கணவரைக் கண்ணாடியில் பார்த்தார்.

"இஞ்சருங்கோ. இது கியர் கார் எண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் கேக்கேல்லை" என்றார் அங்கிள்.

"கனடாக் கார் எல்லாம் ஓட்டோமெற்றிக் எண்டு நான் இண்டைக்கு வரைக்கும் இதுக்குள்ள எட்டியும் பாக்கேல்லை. கியர் காரை வாங்கி ஏன் ஓடாமல் வச்சிருந்தனீங்கள்?"

அங்கிள் ஜக்கெற்றிலிருந்து கடலையை ஒவ்வொன்றாகத் தட்டினார். அந்த நேரத்தில்தான் பீற்றர் அண்ணை, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டார். அன்ரி இடுப்புப் பட்டியோடு இருந்தார். போகவேண்டியவர் அங்கிள்தான். போய், எவர்சில்வர் தம்ளரில் கொண்டுவந்தார். கொடுக்கும்போது காரையும் பார்க்கவில்லை, மனைவியையும் பார்க்கவில்லை. பீற்றர் அண்ணை தம்ளரை வாங்காமல் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்குக் கிளச் பழக்கமில்லை" என்றார் அங்கிள்.

ஊரில் அவர் சைக்கிள்தான் ஓடியவர். கார் பழகியது இங்கே, ஓட்டோமெற்றிக்கில். அந்தக் காரின் நிறத்தையும் சத்தத்தையும் கண்டு வாங்கிவிட்டார். விற்ற சிநேகிதரே ஓட்டிக்கொண்டுவந்து கராஜுக்குள் விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பிப் போனார். அடுத்த கிழமை பழகலாம் என்று நினைத்திருந்தார். அதற்குள் ஆட்கள் வந்து, எங்கே ஒரு ஓட்டம் போகலாமா என்று கேட்டார்கள். காபரேற்றர் என்று சொன்னார். காபரேற்றர் என்று சொன்னால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள். பிறகு ஒவ்வொரு வருடமும் அதையே சொல்லவேண்டிவந்தது.

தெருவில் நாய் இன்னும் கடலையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"அப்ப நான் இவ்வளவு காலமும் ஐஸ் சுரண்டினது உங்கடை கிளச்சுக்கோ?" என்றார் அன்ரி.

அதற்குப் பிறகு என் திட்டத்தை வாசித்தேன். அந்தக் கராஜுக்குள், காருக்குப் பக்கத்தில் நின்றே வாசித்தேன். பீற்றர் அண்ணை வெளியே போகவில்லை. பின் சட்டம், தரைத் தகடு, பொனற், பிரேக். கடைசியாக, அன்று காலையில் எஞ்சினுக்குள் எதுவோ வளைந்ததையும் வாயால் சேர்த்தேன். முடிவு: பரிந்துரைக்கவில்லை. அங்கிள் தலையைக் குனிந்து ஓம் என்றார். உண்மையான ஓம். யோசிப்பதற்கான ஓம் அல்ல.

"பிள்ளை" என்றார் அன்ரி, ஸ்ரியறிங்கை விடாமல். "செய்யேலாதோ, செய்யக்கூடாதோ?"

நான் தாளைப் பார்த்தேன். அந்த இரண்டுக்கும் அதில் தனித்தனி இடம் இருக்கவில்லை. கெட்ட சட்டத்தை வெட்டிப் புதியதை ஒட்டலாம். நீண்ட வேலை, புத்தியான வேலையல்ல. ஆனால் இரும்பு அதற்கு மறுப்புச் சொல்லாது.

"செய்யலாம்" என்றேன். சட்டென்று வந்தது. பீற்றர் அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அன்ரி நிபந்தனைகளைச் சொன்னார், நான் எழுதினேன். கார் இன்றே போகவேண்டும். திரும்பி வந்தாலும் இந்தக் கராஜுக்குள் வராது. வேறு இடம் பார்க்கவேண்டும். சாவி அன்ரியிடம். தேங்காய் இனி ரோட்டில். அங்கிள் தனக்கு என்ன என்று கேட்டார்.

"பக்கத்துச் சீற்" என்றார் அன்ரி.

மத்தியானம் இழுவை லொறி வந்தது. பின் சட்டத்தில் பாரம் விழாதபடி காரை ஏற்றுவதற்குப் பீற்றர் அண்ணை தானே கீழே படுத்தார். அவருடைய வெள்ளைச் சட்டையில் துரு படிந்ததைப் பட்டறையில் ஒருவரும் நம்பவில்லை. அன்ரி பற்றரியைத் தன் காரில் திருப்பிப் பூட்டி, அதைக் கராஜுக்குள் விட்டு, கதவை மூடினார். நாங்கள் பிறம்ரனுக்குப் போய்ச் சேர்வதற்கு முன் ஸ்நோ தொடங்கிவிட்டது.

வேலை முடிய இரண்டு வின்ரர் எடுத்தது. நான் கையெழுத்திட்டு வெளியே அனுப்பிய கடைசிக் கார் அதுதான். அதன் பெயின்ற் அடித்த கிழமைதான் டொக்டரிடம் போனேன்.

அகிலா, உன் திட்டத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒன்றையும் வெட்டவில்லை. மேலே இரண்டு கேள்விகள் மட்டும் சேர்த்திருக்கிறேன்: இந்த வீட்டில் கார் வேண்டாம் என்று நினைப்பவர் யார்? இந்த வீட்டில் இந்தக் காரை ஓட்டத் தெரிந்தவர் யார்? இரண்டுக்கும் ஒரே ஆள் பதிலாக வரலாம். செயலிக்குத் தண்ணீர் கேட்கத் தெரியாது, நீ கேள்.

இப்போதைய நிலை இது. கார் ஓடுகிறது. வின்ரரில் அது மார்க்கம் நகரில் ஒரு வாடகைக் கராஜில் நிற்கிறது. அன்ரியின் சிறிய கார் வீட்டுக் கராஜுக்குள் நிற்கிறது. சுரண்டி உள்ளே ஒரு ஆணியில் தொங்குகிறது. கடலை இறுக மூடும் டின்னுக்கு மாறிவிட்டது. எனக்கு மூச்சுப் பரவாயில்லை. கோடையில் ஞாயிறு காலைகளில், கடை திறப்பதற்கு முன் வெறுமையாக இருக்கும் ஒரு பார்க்கிங்கில் ஆனந்தன் அங்கிள் கிளச் பழகுகிறார். எப்படிப் போகிறது என்று அன்ரியிடம் போனில் கேட்டேன். "செய்யலாம்" என்றார். மூச்சை இழுத்துவிட்டுத்தான் சொன்னார்.